அலமாரி ஆடாமல் நிற்பது எப்படி?

ஒரு சாவியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நூலின் மேல்முனையைப் பிடித்தபடி கையைச் சட்டென்று ஒரு பக்கம் நகர்த்தி நிறுத்துங்கள். கை நின்றுவிடும், சாவி நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். தானியங்கிக் கிடங்குகளில் ஓடும் ரோபோ வண்டிகளை வடிவமைப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இந்த ஆட்டம்தான். அங்கே சாவியின் இடத்தில் இருப்பது பல நூறு கிலோ எடையுள்ள அலமாரி.

அலமாரியின் அடியில் நுழைந்து, அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடும் குட்டையான வண்டிகளைப் பெருமளவில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது 2003இல் தொடங்கப்பட்ட கிவா சிஸ்டம்ஸ். 2012இல் அமேசான் அந்த நிறுவனத்தை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. வண்டி என்னவோ தரையோடு தரையாகத்தான் இருக்கிறது. அதன் முதுகில் ஏறுகிற சுமைதான் ஆள் உயரத்துக்கும் மேலே போகிறது.

எந்தப் பொருளும் கவிழாமல் இருக்க, அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு சக்கரங்கள் அடைத்து நிற்கும் பரப்புக்குள் விழ வேண்டும். பள்ளியில் படித்ததுதான். ஆனால் இது நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குத்தான் பொருந்தும். ஓடும் வண்டி பிரேக் போட்டால் சுமை முன்னால் போகப் பார்க்கிறது. அந்தக் கோடும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. வண்டியும் அலமாரியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், அதன் நேர் கீழிருந்து முன்சக்கரம் 0.3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 0.3ஐ 1.2ஆல் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கினால் சுமார் 2.45 வருகிறது. வேகம் விநாடிக்கு விநாடி 2.45 மீட்டருக்கு மேல் குறைந்தால் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும். கனமான பெட்டிகளைக் கீழ்த்தட்டில் வைத்தால் மையம் இறங்கி இந்த எல்லை உயரும். அதனால்தான் எந்தப் பெட்டியை எந்தத் தட்டில் வைப்பது என்பதும் மென்பொருள் கவனிக்க வேண்டிய விஷயமாகிறது.

சரி, 2.45க்குக் கீழே பிரேக் போட்டால் போதுமா? போதாது. அலமாரி ஒரே கல் போன்ற பொருள் இல்லை. அதன் கால்கள் வளையும், இணைப்புகள் நெகிழும், மேல்பகுதி ஊசல் போல ஆடும். பிரேக் விசையைப் படிப்படியாகக் கூட்டினால் அலமாரி ஓரளவு சாய்ந்து நிற்கும். அதே விசையை ஒரே அடியில் கொடுத்தால் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு சாய்ந்துவிட்டுத் திரும்பும். காகிதத்தில் 2.45 என்று இருந்த எல்லை நடைமுறையில் 1.2 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பாதி போய்விட்டது.

இந்த ஆட்டத்தை அடக்கும் வழியில் எனக்குத் தனி மயக்கமே உண்டு. அலமாரியை இறுக்கிக் கட்ட வேண்டாம், எடை கூட்ட வேண்டாம். பிரேக் போடும் தாளத்தை மாற்றினால் போதும். அலமாரி ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி முடிக்க அரை விநாடி ஆகிறது என்போம். முதலில் பாதி விசையோடு பிரேக் போட வேண்டும். அலமாரி அந்தப் பாதிக்குரிய சாய்வைத் தாண்டிப் போய், கால் விநாடியில் முழு விசைக்குரிய சாய்வைத் தொட்டு, திரும்புவதற்காக ஒரு கணம் நிற்கும். சரியாக அந்தக் கணத்தில் மீதிப் பாதியையும் கொடுத்துவிட வேண்டும். இப்போது அது நிற்க வேண்டிய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. திரும்பி ஆடக் காரணம் இல்லை. சாவியை வைத்து இதையும் முயன்று பாருங்கள். இரண்டு சிறு தள்ளல்களாகக் கையை நகர்த்தினால், நேரம் பிடிபட்டதும் சாவி அப்படியே அடங்குவது நன்றாகத் தெரியும்.

இந்த யோசனையை 1957இல் முன்வைத்தவர் ஓட்டோ ஸ்மித் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1990இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிங்கர், சீரிங் ஆகிய இருவரும் அதை மேலும் உறுதியாக்கினார்கள். உறுதியாக்க வேண்டிய தேவை என்ன? அலமாரியிலிருந்து பெட்டிகளை எடுக்க எடுக்க எடை மாறும், எடை மாறினால் ஆடும் நேரமும் மாறும், கணக்குப் பிசகும். விசையைக் கால், அரை, கால் என மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால், நேரம் கொஞ்சம் தவறினாலும் மிச்சம் நிற்கும் ஆட்டம் மிகக் குறைவு. இதற்கான விலை, இன்னொரு கால் விநாடி. அரை விநாடி முழுவதும் விசையைச் சீராக ஏற்றிக்கொண்டே போவது இன்னொரு எளிய வழி. அதிலும் முடிவில் ஆட்டம் மிஞ்சாது.

தரையையும் சொல்லியாக வேண்டும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நான்கு கால் நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும். இந்த வண்டிகளில் பலவற்றுக்கு நடுவில் இரண்டு இயக்குசக்கரங்கள், மூலைகளில் துணைச்சக்கரங்கள். சட்டம் விறைப்பாக இருந்தால் துணைச்சக்கரங்களே எடையைத் தாங்கிக்கொள்ள, இயக்குசக்கரம் தரையில் அழுந்தாமல் வழுக்கும். பிரேக் கணக்கெல்லாம் அப்போது வீண். அதனால் சட்டத்தை இரண்டாகப் பிரித்துக் கீல் வைத்தோ, ஸ்பிரிங் கொடுத்தோ எல்லாச் சக்கரங்களும் தரையைத் தொடும்படி செய்கிறார்கள். உயரமாகத் தூக்கும் வண்டிகளில் தரை இன்னும் கெடுபிடியானது. ஒரு மீட்டர் இடைவெளியுள்ள இரு சக்கரங்களுக்கு இடையே 2 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தால், 10 மீட்டர் உயரத்தில் சுமை 20 மில்லிமீட்டர் விலகிவிடும்.

இவ்வளவு நளினமும் செல்லாத ஒரு தருணம் உண்டு. லேசர் சென்சாரின் கண்ணில் குறுக்கே ஒரு ஆள் படுகிறார். தாளம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, பிரேக் ஒரே அடியாக விழும். அப்போதும் சுமை கவிழக் கூடாது என்பதால், இந்த அவசர பிரேக்கை முன்பு பார்த்த 1.2 என்ற நடைமுறை எல்லைக்குள்தான் வைக்க வேண்டும். விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு அப்படி நிற்க சுமார் 94 சென்டிமீட்டர் தேவை. 1 மீட்டர் வேகத்தில் வந்தால் 42 போதும். ஆகவே சென்சார் எவ்வளவு தூரம் முன்னால் பார்க்கிறதோ, அந்தத் தூரத்துக்குள் நின்றுவிடக்கூடிய வேகத்தில்தான் வண்டியை ஓட விடுகிறார்கள். உச்சியில் பாரம் ஏறிய அலமாரி என்றால் அந்த வேகம் இன்னும் குறையும்.