குதிரை லத்தி போட்டுடுச்சுன்னா வயித்துவலி போயிடுச்சுன்னு யாருங்க சொன்னது?

"லத்தி போட்டுடுச்சு டாக்டர், இப்ப பரவால்ல, நீங்க காலைல வந்தா போதும்." இத போன்ல கேட்டாலே எனக்கு இப்பெல்லாம் பக்குனு இருக்கு. சமீபத்துலயும் இதே கதைதான். கல்யாண ஊர்வலத்துக்குப் போற குதிரை, சாயந்திரத்துல இருந்தே விலாவைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு முன்னங்காலால தரைய பறிச்சுக்கிட்டு நின்னுருக்கு, மெடிக்கல்ல வாங்கி வச்சிருந்த ஃப்ளூனிக்ஸின்ங்கிற வலி ஊசிய அவங்களே போட்டாங்க, ராத்திரி நாலு உருண்டை விழுந்துச்சு, எல்லாரும் நிம்மதியா படுக்கப் போயிட்டாங்க. விடியக்காலைல நான் போறப்ப நாடி நூறத் தாண்டியிருச்சு, ஈறு கருஞ்சிவப்பா மாறியிருச்சு, வயிறு ரெண்டு பக்கமும் உப்பி நிக்குது. பெருங்குடல் முறுக்கிக்கிச்சு. அந்த நேரத்துக்கு மேல செய்ய ஒண்ணுமில்ல.

இந்த லத்தி விஷயத்த கொஞ்சம் பொறுமையா சொல்றேன், ஏன்னா பாதி சாவு இதுல இருந்துதான் ஆரம்பிக்குது. குதிரைக்கு லார்ஜ் கோலன்னு 3 மீட்டருக்கு மேல நீளமான பெருங்குடல் இருக்கு, தின்ன புல்லு புளிச்சு செரிக்கிறது அதிகமா அங்கதான். அதுக்கும் பின்னாடி ஸ்மால் கோலன்னு இன்னொரு நீளமான குடல், லத்தி உருண்டை புடிக்கிறது இந்த ரெண்டாவதுல. அடைப்போ முறுக்கோ வர்றது பெரும்பாலும் முன்னாடி இருக்கிற லார்ஜ் கோலன்ல. அப்ப நீங்க பாத்த அந்த நாலு உருண்டை எங்க இருந்து வந்துச்சு? அடைப்புக்குப் பின்னாடி ஏற்கனவே ரெடியா இருந்தது. மோட்டார் நின்னு போனாலும் பைப்புல இருக்கிற தண்ணி கொஞ்ச நேரம் வரும்ல, அவ்ளோதான். மணிக்கணக்கா கூட வரும். நேத்து தின்னது வெளிய வருது, இன்னைக்கு வந்த வியாதி உள்ளயே இருக்கு. அடைப்ப இளக்க லிக்விட் பாரஃபின் எண்ணெய ஊத்தி அது வால் பக்கம் ஒழுகினா கூட அடைப்பு தொறந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, எண்ணெய் கட்டியச் சுத்தி வழிஞ்சு வந்துரும், கட்டி அங்கயேதான் உக்காந்திருக்கும். லத்தி சுத்தமா நின்னு போனா அது கெட்ட செய்தி, சரி, ஆனா லத்தி வர்றது நல்ல செய்தின்னு அர்த்தமில்ல. தயவுசெஞ்சு இத ஒரு தடவையாவது குதிரைய பாத்துக்கிற சைஸுக்கும் சொல்லி வைங்க.

அப்ப எத பாக்கணும்? நாடி. தாடை எலும்புக்கு அடியில விரல் வச்சா ரத்தக்குழாய் உருளும், 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்குங்க. நல்லா இருக்கிற குதிரைக்கு 28ல இருந்து 44. அமைதியா நிக்கிற குதிரைக்கு 50 வந்தாலே எனக்கு போன் போடுங்க, 60 தாண்டுனா போன்லயே இருந்துக்கிட்டு வண்டிக்கும் சொல்லிருங்க. ஈறு ரோஸ் கலர்ல ஈரமா இருக்கணும், விரலால அழுத்தி எடுத்தா ரெண்டு செகண்டுக்குள்ள பழைய கலர் திரும்பணும். இதுக்கு டிகிரி வேணாம், சாதாரண நாள்லயே எண்ணிப் பழகியிருந்தா போதும்.

நாங்க வந்து என்ன பண்றோம்னு சிலருக்கு சந்தேகம், "எடுத்ததும் பின்னாடி கைய விடறாரு, மூக்குல டியூப்ப விடறாரு"ன்னு. மலக்குடல் வழியா கைய விட்டாத்தான் பெருங்குடல் இடுப்புப் பக்கம் திரும்புற வளைவு கைக்குத் தட்டுப்படும், அகலமா வர்ற குடல் அங்க சட்டுனு குறுகிடும், காஞ்ச தீனி கட்டியாகி நிக்கிறது அதிகமா அந்த இடத்துலதான். அதே குடல் இடம் மாறி கிட்னிக்கும் மண்ணீரலுக்கும் நடுவுல போய் மாட்டியிருந்தா அதுவும் கைல தெரியும், ஸ்கேன் இருந்தா இன்னும் தெளிவாத் தெரியும். டியூப் எதுக்குன்னா குதிரையால வாந்தி எடுக்க முடியாது, இரைப்பைல தண்ணி தேங்கி நிக்குதான்னு பாத்து வெளிய எடுக்கணும், இல்லன்னா இரைப்பை கிழிஞ்சுரும்.

வெறும் தீனி கட்டியாகி அடைச்சிருந்தா பெரும்பாலும் தேறிடும். தீனிய நிறுத்திட்டு, டியூப் வழியா லிட்டர் லிட்டரா வெதுவெதுப்பான தண்ணி, எப்சம் உப்பு, தேவைன்னா டிரிப்ஸ், வலிக்கு மருந்து. பொறுமையான வேலை, ரெண்டு மூணு நாள் கூட இழுக்கும், நடுவுல "பசியா இருக்கும் பாவம்"னு ரெண்டு கைப்பிடி கொள்ளு போட்டு மொத்தத்தையும் கெடுக்கிறவங்க இருக்காங்க. இடம் மாறின குடல்ல சிலது மருந்தோட, ஓட்டத்தோட சரியாகும். முழுசா முறுக்கினதுக்கு ஆபரேஷன் மட்டும்தான், அதுவும் சில மணி நேரத்துக்குள்ள. இங்க குதிரை வயித்தத் திறந்து ஆபரேஷன் பண்ற இடம் எத்தனை இருக்கு? விரல் விட்டு எண்ணிடலாம். அதனாலதான் ராத்திரியே கூப்பிடுங்கன்னு கத்துறேன். புதுசா குட்டி போட்ட குதிரைக்கு வலின்னா இன்னும் அவசரம், முறுக்கு அதுங்களுக்குத்தான் அதிகம் வருது.

ஃப்ளூனிக்ஸின் நல்ல மருந்துதான், நானும் போடறேன். ஆனா போட்டப்புறம் குதிரை அமைதியானா வலி மறைஞ்சிருக்கலாம், வியாதி மறையாது. மருந்து போட்டும் வலி திரும்பி வந்தா அதுவே ஆபரேஷனுக்கான அறிகுறி, அங்க போய் இன்னொரு ஊசி குத்தினா நேரத்தத்தான் குத்திக் கொல்றீங்க. சதையில குத்தினா சில குதிரைக்கு அந்த இடமே அழுகி உயிருக்கே வந்துரும். கால் நொண்டுதுன்னு வாரக்கணக்கா பியூட் (ஃபினைல்பியூட்டசோன்ங்கிற வலி மருந்து) குடுக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை, அது பெருங்குடலோட கடைசிப் பகுதியில புண்ணு போடும், தண்ணி சரியா குடிக்காத குதிரைக்கு இன்னும் சீக்கிரம்.

அப்புறம் இந்த விளக்கெண்ணெய். மாட்டுக்கு குடுக்கிற மாதிரி தலைய தூக்கிப் புடிச்சு மூங்கில் குழாய்ல ஊத்துறது. பாதி நுரையீரலுக்குள்ள போகும், வயித்துவலியோட நிமோனியாவும் சேந்துக்கும். மீதி பாதி குடலுக்குப் போனாலும் லாபமில்ல. ஆராய்ச்சிக்காக குதிரைக்குப் பெருங்குடல் அழற்சிய வரவைக்க இந்த விளக்கெண்ணெயத்தான் குடுத்தாங்க, வைத்தியம்னு நெனச்சு நீங்க ஊத்திக்கிட்டு இருக்கீங்க. உருண்டா குடல் முறுக்கிக்கும்னு ராத்திரி முழுக்க நடக்க வச்சுக் கொல்றதும் வேணாம். வலி தாங்காமத்தான் உருளுது. கொஞ்ச நேரம் மெதுவா நடத்தலாம், அமைதியா படுத்திருந்தா விட்டுருங்க.

மெரினா, பெசன்ட் நகர் பக்கம் குதிரை வச்சிருக்கிறவங்களுக்கு மணல் தனிப் பிரச்சினை. புல்ல மணல் மேல போட்டா அது மணலையும் சேத்துத்தான் தின்னும். அஞ்சாறு உருண்டைய ஒரு கண்ணாடி பாட்டில்ல தண்ணியோட கரைச்சு வைங்க, அடியில மணல் படியுதான்னு பாருங்க. படிஞ்சா கூப்பிடுங்க, படியலன்னாலும் உள்ள இல்லன்னு சொல்லிட முடியாது. இசப்கோலும் எப்சம் உப்பும் சேத்து சில நாள் டியூப்ல குடுத்தா நெறைய வெளிய வந்துரும், அளவு எடைய பொறுத்து, அத எங்ககிட்ட கேட்டுக்கோங்க. புல்ல தொட்டியிலயோ ரப்பர் பாய் மேலயோ போடுங்க, இதுல என்ன கஷ்டம்?

தண்ணி விஷயத்துல கெஞ்சிக் கேக்கறேன். 300 கிலோ குதிரை சும்மா நின்னாலே ஒரு நாளைக்கு 15 லிட்டர் வேணும், வெயில்ல ஊர்வலம் போனா இன்னும் அதிகம். பேண்டு வாத்தியம் முடியற வரைக்கும் வறண்டு நிக்க வச்சுட்டு, வீட்டுக்கு வந்ததும் காஞ்ச சோளத்தட்டைய போட்டா குடல்ல கட்டாம என்ன பண்ணும்? முதல்ல தண்ணி, கொஞ்சம் உப்பு, அப்புறம் தீனி. வருஷத்துக்கு ஒரு தடவை பல்லக் காட்டுங்க, மெல்ல முடியாத குதிரைக்குத்தான் திரும்பத் திரும்பக் கட்டுது. வைக்கோல்ல இருந்து குதிரைமசால் தீவனத்துக்கு மாத்தணும்னா ஒரே நாள்ல மாத்தாதீங்க, பத்து நாள் எடுத்துக்கோங்க.

இவ்ளோ சொல்லியும் ஊசி போட்டுட்டுதான் கூப்பிடுவீங்கன்னு தெரியும். போட்டிருந்தா மறைக்காதீங்க அண்ணே, எந்த ஊசி, எத்தனை எம்எல், எத்தனை மணிக்குன்னு முதல் வார்த்தையிலயே சொல்லிருங்க. இல்லன்னா மருந்தோட நாடிய குதிரையோட நாடின்னு நம்பி நானும் தப்பா முடிவெடுப்பேன். திட்டுறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம், குதிரை எந்திரிச்சு நிக்கட்டும்.