வெள்ளத்துக்குப் பிறகு சில்லு முனகினால்

மாரி ஓய்ந்து தை பிறந்ததும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கராஜ்களுக்கு இரண்டு முறைப்பாடுகள் சேர்ந்தே வரும்: "கார் முந்தி மாதிரி உருளுதில்ல", "பெற்றோல் கூடக் குடிக்குது". உடனே சில்லுப் பெயாரிங் (சில்லு இலகுவாகச் சுழல உள்ளே குண்டுகள் ஓடும் வளையம்) நான்கையும் மாற்றுவது வீண் செலவு. நல்ல பெயாரிங்கின் உராய்வு மிகச் சிறியது; காரைப் பின்னுக்கு இழுப்பவை பெரும்பாலும் டயரும் எதிர்க்காற்றும்தான். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடிய கார் 11க்கு இறங்கியிருந்தால், முதலில் டயர்க் காற்றையும் பிறேக் பாட்களை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பர் இறுகியிருக்கிறதா என்றும் முழுதாக விடாத ஹான்ட் பிறேக்கையும் பாருங்கள். பெயாரிங் ஆடத் தொடங்கிவிட்டால் டிஸ்க் நேராகச் சுழலாமல் பிறேக் பாட்களில் உரசும்; இழுவை அப்போதுதான் கூடும்.

பெயாரிங்கால் வரும் பெற்றோல் நட்டம் கொஞ்சம்தான். அதற்காகப் பழுதான பெயாரிங்கை அப்படியே விட்டுவிடாதீர்கள். முற்றிப்போனால் ஓட்டத்திலேயே இறுகும், சில்லே கழன்று போகவும் கூடும்.

எங்கள் பகுதியில் அதைக் கெடுப்பது தண்ணீர். கிரான்–புலிபாய்ந்தகல் வீதியிலோ காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியிலோ வெள்ளம் மேவும்போது, ஓடிச் சூடான ஹப் (பெயாரிங்கோடு சேர்ந்து சில்லைத் தாங்கும் நடுப்பகுதி) திடீரெனக் குளிர்கிறது. உள்ளே காற்றுச் சுருங்கி, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலின் ஓரத்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும். கிறீஸ் பால் போல வெளுக்கும். குண்டு ஓடும் பாதையில் துரு புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். வாவியின் உவர்நீர் என்றால் இன்னும் விரைவு. சத்தம் அன்றைக்கே வராது, சில கிழமை கழித்துத்தான் வரும்.

அந்த முனகல் வேகத்தோடு கூடும், எஞ்சின் சுற்றோடு அல்ல. வீதியின் தார் மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். வலப்பக்கம் வளைக்கையில் கூடினால் பெரும்பாலும் இடப்பக்கப் பெயாரிங். 15 கிலோமீற்றர் அளவுக்கு, பிறேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிறேக்கோ பெயாரிங்கோ பிடிக்கிறது. காரை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, ஒரு கையால் சில்லைச் சுற்றி மறு கையைக் கொயில் ஸ்பிறிங்கில் வையுங்கள். பழுதான பெயாரிங் மணலை அரைப்பதுபோல் விரலில் தெரியும். பிறகு சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்; ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் சஸ்பென்ஷன் மூட்டான போல் ஜொயின்டைப் பாருங்கள்.

இன்னொன்று: கண்டியிலிருந்து மகியங்கனை வழியாக வரும்போது பதினெட்டு வளைவு இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் என்று நியூற்றலில் விடாதீர்கள். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் கியரில் இருக்க அக்சிலேற்றரை விட்டால் எரிபொருளை நிறுத்திவிடும். நியூற்றலில்தான் ஐட்லிங்குக்கு எரிக்கும். பிறேக்கும் சூடாகும்.

பெயாரிங்கை மாற்றும்போது சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். புதிய பெயாரிங்கும் பள்ளம் விழுந்து முனகும். பெயாரிங் அமரும் இரும்புக் கூடான நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் பிறெஸ் அமர வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஏபிஎஸ் (பிறேக் அடிக்கையில் சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார்களில் பெயாரிங்கின் காந்த வளையப் பக்கம் சென்சரைப் பார்த்திருக்க வேண்டும். அக்சில் நட்டைப் புதிதாகவே போட வேண்டும். கம்பனி சொன்ன அளவுக்கு டோர்க் றெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) இறுக்கிய பிறகே சில்லில் காரின் பாரத்தை இறக்க வேண்டும். பழைய வான்களின் கூம்பு றோலர் பெயாரிங்கை மிகையாக இறுக்கினால் அதுவே காரை இழுத்துப் பிடிக்கும்.

வேலை முடிந்ததும் இன்னொரு 15 கிலோமீற்றர் ஓட்டி, அதே ஹப்பின் சூட்டை மற்றப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.