லேசிக்கா, ஸ்மைலா? முதலில் கருவிழியின் கனத்தைப் பாருங்கள்

கண்ணாடியைக் கழற்ற வருபவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "எது புதுசு டாக்டர்?" என்பது. லேசிக், பிஆர்கே, ஸ்மைல் என்பவை கண்ணின் பவரைக் குறைக்கும் மூன்று லேசர் சிகிச்சைகள். கிட்டப்பார்வைக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதைக் கருவிழியின் (கண்ணின் முன்புறம் உள்ள ஒளிபுகும் படலம், கார்னியா) கனமும் வடிவமும்தான் முடிவு செய்கின்றன.

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் கனம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு பவரைக் குறைக்க எக்ஸைமர் என்ற புற ஊதா லேசர் ஏறக்குறைய 15 மைக்ரானைச் செதுக்கும். (சுற்றியுள்ள இடம் கருகாமல் இந்த லேசர் திசுவைச் செதுக்கும் என்று 1981-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த குழுவில் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசனும் ஒருவர்.) லேசிக்கில் அதற்கு முன் கருவிழியின் மேற்பரப்பில் சுமார் 110 மைக்ரான் கனத்தில் மூடி போன்ற ஒரு மடல் வெட்டித் திறக்க வேண்டும். கருவிழி 520, பவர் மைனஸ் 5 என்றால்: மடல் 110, லேசர் 75, அடியில் மிஞ்சுவது 335. தாராளம். அதே கண்ணில் மைனஸ் 8 இருந்தால் மிஞ்சுவது 290. அங்கே யோசிக்க வேண்டும். 300 இருந்தால் நிம்மதி. 250-க்குக் கீழே போகவே கூடாது. மீறினால், பலமிழந்த கருவிழி கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்காமல் மெல்ல மெல்ல முன்னே பிதுங்கும். பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது.

பிஆர்கே-யில் மடல் கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசர் கொடுக்கிறோம். மெல்லிய கருவிழிக்கும், கபடி, குத்துச்சண்டை ஆடுபவர்களுக்கும் இதுவே நல்லது. ஆனால் முதல் மூன்று நாள் எரிச்சலும் கண்ணீரும் இருக்கும். பார்வை முழுதாகத் தெளியச் சில வாரங்கள் ஆகும்.

ஸ்மைலில் கருவிழிக்குள்ளேயே மெல்லிய வில்லை ஒன்றை வெட்டி, 2 முதல் 4 மி.மீ. கீறல் வழியாக உருவி எடுக்கிறோம். லேசிக் மடலின் வெட்டு 20 மி.மீ. வரை வரும். ஸ்மைலில் நரம்புகள் குறைவாக அறுபடுவதால் கண் வறட்சியும் குறைவு. லேசர் ஓடும் அரை நிமிடம் கண்ணை அசைக்காதீர்கள். கண்ணைப் பிடித்து நிறுத்தும் உறிஞ்சு வளையம் நழுவினால் பாதியில் நிறுத்த நேரிடும்.

பரிசோதனைக்கு வருமுன் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸை 2 வாரமும், ஹார்ட் லென்ஸை 4 வாரமும் நிறுத்திவிடுங்கள். லென்ஸ் அழுத்திய கருவிழி ஸ்கேனில் தவறான வடிவம் காட்டும். அலர்ஜியால் கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்: கூம்புக் கருவிழியின் (கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய்) ஆரம்பநிலை அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட கண்ணுக்கு லேசிக் செய்யக் கூடாது. வயது 18 தாண்டியிருக்க வேண்டும்; ஓராண்டில் பவர் அரைக்கு மேல் மாறியிருக்கக் கூடாது.

பவர் போனாலும் கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண் சுருங்காது. விழித்திரையில் ஓட்டை விழும் அபாயம் அப்படியே இருக்கிறது. ஆண்டுதோறும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அறுவைக்கு முந்தைய கருவிழி அளவுகளின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் கணக்கிடும்போது மருத்துவர் அதைத்தான் தேடுவார்.