களைப்புத் தெரியாமல் இருக்கவா பாடினார்கள்?

போன மாதம் ஒரு கல்லூரியின் நாட்டுப்புறக் கலை விழாவுக்குப் போயிருந்தேன். நாகைப் பக்கத்திலிருந்து நடவுப் பாட்டுப் பாட நான்கு அம்மாக்கள் வந்திருந்தார்கள். மூன்றாவது பாட்டில் கூலி நெல் அளக்கும் மரக்கால் வந்தது. அதைக் குறைத்து அளந்த ஆளும் பின்னாலேயே வந்தான். மைக்கை அணைத்துவிட்டார்கள். “அரசியல் வேண்டாம்மா, நடவுப் பாட்டு மட்டும் பாடுங்க.”

20 வருடமாக நாட்டார் வழக்காற்றியல் நடத்துகிறேன். இப்படி மைக் அணைவதைப் பார்ப்பது இது மூன்றாவது முறை.

விழாக் குழுவைத் திட்டிப் பயனில்லை. கோளாறு எங்கள் வகுப்பில் இருக்கிறது. ‘உழைப்பின் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடினர்’ என்ற நோட்ஸ் வரி இல்லாத விடைத்தாளை நான் திருத்தியதே இல்லை. நாள் முழுக்கக் குனிந்து நட்டுக்கொண்டே பாடவும் செய்தால் களைப்பு போகுமா, கூடுமா? பாட்டு வேலையின் வேகத்தைக் கையில் பிடித்து வைக்கிறது. எல்லார் கையும் ஒரே தாளத்தில் போனால், வேகமாக நடுகிறவளைக் காட்டி மெதுவாக நடுகிறவளை விரட்ட முடியாது. ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும்போது பாடும் ஏற்றப் பாட்டில் எண்கள் எதற்கு வருகின்றன? எத்தனை சால் (இறைக்கும் பாத்திரம்) இறைத்தார்கள் என்ற கணக்கு அது. அப்புறம், வரப்பில் நிற்கும் ஆளை நேரே பேசினால் வேலை போகும். பாட்டில் வைத்துக் கிண்டலடித்தால் அவனும் சிரித்துத்தான் ஆகவேண்டும். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பாடல்களில், வேலை வாங்கும் கங்காணி படும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

அதே மலையகத்தில் கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தானே பாட்டுக் கட்டித் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். எழுதியவர் பெயர் தெரிந்தால் அது நாட்டுப்புறப் பாட்டா என்பார்கள். அது எங்கள் துறையின் பழைய சண்டை, இங்கே வேண்டாம்.

மரக்கால் வரியை வெட்டிவிட்டு, 1968 டிசம்பர் 25 இரவு அதே நாகைப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பத்தார் 44 பேர் ஏன் எரிக்கப்பட்டார்கள் என்று மாணவருக்கு எப்படிச் சொல்வது? நெற்கூலியைக் கூட்டிக் கேட்டதும் சங்கத்தை விட மறுத்ததும்தானே அவர்கள் செய்தது?

சரி, களப்பணிக்கு மாணவர்களை அழைத்துப்போகும் ஆசிரியர்களே, பாடுகிறவர் அன்று இழக்கும் கூலியை முதலில் கொடுங்கள். சால்வை வேண்டாம். கேட்காமல் போனில் எடுத்து யூடியூபில் ஏற்றாதீர்கள். வீட்டுக்குள் உட்காரவைத்து ஒப்பாரி பாடச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. சாவு இல்லாத வீட்டில் அது ஆகாது, அந்த அம்மா சங்கடப்பட்டு நெளிவார். கெட்ட வார்த்தை வந்தால் அப்படியே எழுதுங்கள். பாடியவர் பெயரைப் போடலாமா என்று அவரையே கேளுங்கள். ஊர், வேலை, வாங்கிய கூலி மூன்றும் கட்டாயம் வேண்டும். ‘பாடியவர்: கிராமத்துப் பெண்’ என்று வரும் களக்குறிப்பை நான் திருத்துவதில்லை. திருப்பிக் கொடுத்துவிடுவேன்.