10000.0001 என்றால் ஏழு

பார்ப்பதற்குப் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டிய எண் போலத் தெரிகிறது. ஆனால் 1.618033... என்று முடிவில்லாமல் நீளும் பொன் விகிதத்தை, வழக்கமான 10-க்குப் பதிலாக, அடிமானமாகக் கொண்டு படித்தால் இதன் மதிப்பு 7. தோராயமாக அன்று, மிகச் சரியாக ஏழு.

இந்த எண் முறையைக் கண்டுபிடித்தபோது அமெரிக்காவின் ஜார்ஜ் பெர்க்மனுக்கு வயது 12. அதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1957-இல் ஒரு கணித இதழில் வெளியானது. அந்த வயதில் ஒரு சிறுவனுக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

நாம் வழக்கமாக எழுதும் முறையில் ஓர் இடம் இடப்பக்கம் நகர்ந்தால் மதிப்பு பத்து மடங்காகும். இங்கே 1.618... மடங்குதான் ஆகும். இலக்கங்கள் 0, 1 இரண்டு மட்டுமே. ஒன்றாம் இடத்துக்கு இடப்புறம் 1.618, 2.618, 4.236, 6.854 என ஏறும். புள்ளிக்கு வலப்புறம் 0.618, 0.382, 0.236, 0.146 என இறங்கும். 6.854 உடன் 0.146 சேர்ந்தால் 7. உண்மையில் இரண்டுமே புள்ளிக்குப் பின் முடிவில்லாமல் நீளும் எண்கள். கூட்டும்போது ஒன்றின் வால் மற்றதன் வாலை முழுமையாக நிரப்பிவிடுகிறது.

பொன் விகிதத்தின் வர்க்கம், அந்த விகிதத்தோடு 1-ஐக் கூட்டியதற்குச் சமம். எல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது. எந்த இடத்தின் மதிப்பும் அதற்கு வலப்புறமுள்ள இரண்டு இடங்களின் கூட்டுத்தொகை என்பதே இதன் பொருள். ஆகவே 011-ஐ 100 என்று சுருக்கலாம். 100-ஐ 011 என்று உடைக்கலாம்.

1 + 1 போட்டுப் பாருங்கள். 2 என்ற இலக்கம் இங்கே இல்லை. ஆகவே ஒரு 1-ஐ 0.11 என்று உடைத்துக் கூட்டினால் 1.11. முதல் இரண்டு 1-களைச் சுருக்கினால் 10.01. அதுதான் 2.

நான்கிலிருந்து ஐந்துக்குப் போவது இன்னும் சுவையானது. 4 என்பது 101.01. ஒன்றாம் இடத்தில் ஏற்கெனவே 1 இருக்கிறது. அதை உடைக்கலாமென்றால், அதன் ஒரு துண்டு போய் உட்கார வேண்டிய இடத்திலும் 1 இருக்கிறது. எனவே கடைசி 1-ஐ முதலில் உடைக்க வேண்டும்: 101.0011. பிறகு ஒன்றாம் இடம்: 100.1111. இப்போது 1-ஐச் சேர்த்தால் 101.1111. அடுத்தடுத்த 1-களைச் சுருக்கிக்கொண்டே வந்தால் 1000.1001.

எந்த முழு எண்ணுக்கும் இதையே செய்யலாம். வலக்கோடியில் காலியிடம் எப்போதும் உண்டு; அதனால் உடைப்பது எங்கோ நின்றுவிடும். ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒரு 1 குறைவதால் சுருக்குவதும் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு முழு எண்ணும் இங்கே முடிவுறு வடிவம் பெறுகிறது. விகிதமுறா எண் (பின்னமாக எழுத முடியாத எண்) எதை அடிமானமாகக் கொண்டாலும் இந்தக் குணம் கிடைத்துவிடாது. பை (π = 3.14159...) அடிமானத்தில் 4-ஐ எழுதத் தொடங்கினால் முடிக்கவே முடியாது. பொன் விகிதத்திலும் அரை (1/2) முடிவதில்லை: 0.010010010... என்று 010 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

1, 3, 4, 7, 11, 18, 29 என முந்தைய இரண்டைக் கூட்டி வளரும் லூகா எண்களை இந்த முறையில் எழுதிப் பாருங்கள். 3 என்பது 100.01, 7 என்பது 10000.0001, 18 என்பது 1000000.000001. இரு கோடியிலும் ஒவ்வொரு 1, நடுவில் வெறும் சுழியங்கள். இவற்றுக்கு இடையே வரும் 4, 11, 29 மூன்றும் 101.01, 10101.0101, 1010101.010101 என ஒன்றுவிட்டு ஒன்றாக நிரம்பி நிற்கின்றன.