லெஃப்ட் டேக்கிளைத் திட்டுவதற்கு முன்னால்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணி ஒன்றின் ஆட்டக் காணொளிகளைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பிளேயாக (பந்து கிளம்பி நிற்கும் வரையான ஒரு நகர்வு) எடுத்துக்கொள்வோம். எத்தனையாவது டவுன் (முயற்சி), எத்தனை யார்டு தேவைப்பட்டது, பந்து மைதானத்தின் எந்தப் பக்கம் இருந்தது, எதிரணி என்ன கவரேஜ் (பாஸைத் தடுக்க ஆட்களை நிறுத்தும் முறை) போட்டது, நம் முன்வரிசையான லைனில் யார் யாரைப் பிளாக் செய்திருக்க (மறித்திருக்க) வேண்டும் என்று வரிசையாகக் குறிப்போம். பயிற்சியாளர்கள் அதை வைத்து ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் மதிப்பெண் போடுவார்கள்.

நாங்கள் பாதி வேலையில் இருக்கும்போதே வெளியே தீர்ப்பு வந்துவிடுகிறது. பந்தை வீசுபவரான குவாட்டர்பேக் அடிபட்டு விழுந்த ஒரு பத்து வினாடித் துண்டை யாரோ பதிவேற்றியிருப்பார்கள். விழுந்த இடத்துக்கு அருகில் நின்றவர் யாரோ, பழி அவர் மேல். அந்தப் பையனுக்கு வயது 19 இருக்கும், வாரநாட்களில் வகுப்புக்குப் போகிற மாணவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் செல்போனைத் திறந்தால் வசைதான் நிரம்பிக் கிடக்கிறது. இங்கே பல்கலைக்கழகங்களில் படிக்கிற, படித்து முடித்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் பலரும் இப்போது இந்த ஆட்டத்தை ஆர்வமாகப் பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

காணொளியில் தெரிவது நடந்து முடிந்த விஷயம் மட்டும்தான். யாருக்கு என்ன வேலை சொல்லப்பட்டிருந்தது என்பது அதில் இல்லை. கிரிக்கெட்டில் மிட் விக்கெட்டில் ஆளே நிறுத்தாதபோது பந்து அந்தப் பக்கமாகப் பவுண்டரிக்குப் போனால், கவரில் நிற்பவரை நாம் குறை சொல்வதில்லை; யார் எங்கே நிறுத்தப்பட்டார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இந்த ஆட்டத்தில் அது தெரியாது.

ஒரு பிளேயை முழுதாகப் பார்ப்போம். பந்தைப் பின்னால் அனுப்புபவர் சென்டர்; அப்படி அனுப்புவதுதான் ஸ்னாப். அவருக்கு இருபுறமும் கார்டுகள், கார்டுகளுக்கு வெளியே டேக்கிள்கள். இந்த ஐந்து பேர்தான் லைன். குவாட்டர்பேக் சில யார்டு பின்னால் நிற்கிறார், அவருக்கு வலப்பக்கம், பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக். ஸ்னாப்புக்கு முன்பு சென்டர் எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஒருவரைக் கைகாட்டி அவருடைய எண்ணைச் சொல்லிக் கத்துவார். 'இவர்தான் மைக், இவரை வைத்துக் கணக்கிடுங்கள்' என்று அதற்கு அர்த்தம். ஆறு பேருடைய வேலையும் அந்த ஒரு சத்தத்திலிருந்துதான் பிரிகிறது. நம் பிளேயில் சென்டர், லெஃப்ட் கார்டு, லெஃப்ட் டேக்கிள் மூவரும் இடப்பக்கமாகச் சரிய வேண்டும். ஆளுக்கொரு இடைவெளி அவர்கள் பொறுப்பு. அதற்குள் எவர் வந்தாலும் பிடிக்க வேண்டும். வலப்பக்கக் கார்டும் டேக்கிளும் தங்களுக்கு எதிரே நிற்கும் ஆளைப் பிடிப்பார்கள். ரன்னிங் பேக் வலப்பக்க லைன்பேக்கரைக் கவனித்துக்கொள்வார்.

பந்து ஸ்னாப் ஆகிறது. இடப்பக்கத்தில் ஸ்லாட் ரிசீவருக்கு (லைனுக்கும் ஓரத்துக்கும் நடுவே நின்று பாஸ் வாங்க ஓடுபவர்) எதிரே நின்றிருந்த எதிரணித் தடுப்பாளரான நிக்கல் பேக் நேராகக் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறார். லெஃப்ட் டேக்கிள் அவரைத் தொடவே இல்லை. குவாட்டர்பேக் விழுகிறார். டிவியில் பார்த்தால் சந்தேகமே வராது, டேக்கிள் கோட்டைவிட்டார் என்றுதான் தோன்றும்.

அது உண்மையாகவும் இருக்கலாம். எதிரே நின்ற எண்ட் (எதிரணி முன்வரிசையின் ஓரத்து ஆள்) உள்பக்கமாக வெட்டிப் போனபோது டேக்கிள் அவர் பின்னாலேயே போயிருந்தால் தப்பு அவருடையதுதான். எண்டை கார்டிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியிலிருந்து வருபவருக்காக அவர் தன் இடத்திலேயே காத்திருந்திருக்க வேண்டும்.

ஆனால் அதே படம் வேறு கணக்கிலும் வரும். இடப்பக்கத்திலிருந்து மூன்று பேருக்குப் பதிலாக நான்கு பேர் வந்தால் என்ன ஆகும்? தடுக்க மூன்று பேர்தான் இருக்கிறார்கள். அப்போது உள்ளே வருபவரை முதலில் பிடி, வெளியே வருபவரை விட்டுவிடு என்பதுதான் விதி. குவாட்டர்பேக்கை எட்டுவதற்கு உள்ளிருந்து வருபவருக்குத் தூரம் குறைவு, அதுதான் காரணம். அந்த நான்காவது ஆள் குவாட்டர்பேக்கின் பொறுப்பு. அவரைப் பார்த்த உடனே, நிக்கல் விட்டுவிட்டு வந்த காலி இடத்துக்குப் பந்தை வீச வேண்டும். இதை 'ஹாட்' என்போம். டேக்கிள் தொடாமல் விட்டது இங்கே சரியான வேலை, தாமதித்தது குவாட்டர்பேக். அல்லது குவாட்டர்பேக் சரியாகத்தான் திரும்பினார், ஸ்லாட் ரிசீவர் நிக்கல் கிளம்பியதைப் பார்க்காமல் தன் நீளமான ஓட்டத்தையே ஓடிக்கொண்டிருந்தார், பந்தை வாங்க ஆளில்லை. அதுவும் இல்லாவிட்டால் சென்டர் மைக்கைத் தப்பாகச் சொல்லியிருக்கலாம், முழு லைனும் தப்பான பக்கம் சரிந்திருக்கலாம். எண்பதாயிரம் பேர் கத்துகிற மைதானத்தில் சென்டர் சரியாகச் சொன்னது டேக்கிளுக்குக் கேட்காமலும் போகும்.

இதை எப்படிப் பிரிக்கிறோம் என்றால், மைதானத்தின் முனையான எண்ட்ஸோன் பக்கமிருந்து எடுத்த கேமராவில் டேக்கிளின் தலையையும் கால்களையும் பார்ப்போம். விதிப்படி உள்ளே அடைத்தவர் வெளியே திரும்பியே பார்க்கமாட்டார். முதல் அடியே உள்பக்கம் விழும், தோள் கார்டோடு ஒட்டியிருக்கும். ஏமாந்தவரிடம் வேறு மாதிரி இருக்கும். இரண்டாவது அடியிலோ மூன்றாவது அடியிலோ தலை வெளிப்பக்கம் வெட்டும், ஒரு கை பின்னால் நீளும். பெரும்பாலும் இது போதும். போதாத பிளேகளும் உண்டு. அப்போது பயிற்சியாளர் அந்தப் பையனையே கூப்பிட்டு, "சென்டர் சொன்னதில் உன் காதில் என்ன விழுந்தது?" என்று கேட்பார். எல்லாக் கோணங்களும் கையில் இருக்கிற எங்களுக்கே இந்த நிலைமை.

புள்ளிவிவரமும் கை கொடுக்காது. கல்லூரி ஆட்டத்தில் சாக்கில் (குவாட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படுவதில்) இழந்த யார்டுகளை ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கிறார்கள்; தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் அது பாஸ் கணக்கில் போகிறது. "நம்ம ஆள் ஓடி 20 யார்டுகூடத் தேறவில்லை, லைன் சுத்த மோசம்" என்று எழுதுபவர், அந்த எண்ணுக்குள் எத்தனை சாக் ஒளிந்திருக்கிறது என்று பார்த்திருக்கமாட்டார்.

அப்புறம், வேண்டுமென்றே பிளாக் செய்யாமல் விடும் பிளேகள். ஸோன் ரீட் என்ற வடிவத்தில் லைன் ஒரு பக்கம் நகரும், மறுபக்க எண்டை யாருமே தொடமாட்டார்கள். அவரைக் குவாட்டர்பேக் கண்ணால் படிப்பார். எண்ட் ரன்னிங் பேக்கைத் துரத்தினால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார்; நின்றால் ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிடுவார். ஆர்பிஓ (ஓடுவதா, வீசுவதா என்று பிளே நடக்கும்போதே முடிவெடுப்பது) அடுத்த படி. லைன் முழுக்க ஓட்டத்துக்கான பிளாக் செய்துகொண்டிருக்கும்போது, குவாட்டர்பேக் ஒரு லைன்பேக்கரை மட்டும் பார்க்கிறார். லைன்பேக்கர் ஓட்டத்தைத் தடுக்க முன்னே வந்தால் அவர் விட்ட இடத்துக்குப் பந்து போகும். பின்வாங்கினால் பந்து ஓட்டக்காரரிடம். பாஸின்போது லைன்மேன்கள் 3 யார்டு வரை முன்னேறலாம் என்கிறது கல்லூரி விதி. என்எஃப்எல்லில் 1 யார்டுதான். கல்லூரியில் ஆர்பிஓ இவ்வளவு பரவியதற்கு அந்த இரண்டு யார்டு பெரிய காரணம்.

இந்த வடிவமைப்பின் நோக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரணியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் எதைச் செய்தாலும் தப்பாக்க வேண்டும் என்றுதான் பிளேயே வரையப்படுகிறது. காணொளியில் அந்த லைன்பேக்கர் நடுவழியில் திகைத்து நிற்பது மட்டும் தெரியும், "தூங்குகிறான்" என்று கீழே கருத்து வரும். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. வரைந்த பயிற்சியாளரின் திறமைக்கு ஒரு வரி எழுதலாம். அதில் மாட்டிய பையனை ஏன் அவமானப்படுத்த வேண்டும்?

விதி மாறியது தெரியாமல் வருகிற வசையும் உண்டு. இடுப்புக்குக் கீழே பிளாக் செய்வதை 2022-இல் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். டேக்கிள் பாக்ஸ் என்ற குறுகிய பகுதிக்குள் லைன்மேன்களும் அசையாமல் நிற்கும் பேக்குகளும் மட்டும்தான் அப்படிச் செய்யலாம். முழங்கால்களைக் காப்பாற்ற வந்த விதி அது. "காலை வாரியிருந்தால் கார்னர் விழுந்திருப்பானே" என்று, ரிசீவரைக் காக்கும் ஓரத் தடுப்பாளரான கார்னர்பேக்கைச் சொல்லி, ரிசீவரைக் கேட்பவர்கள் பழைய விதியை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள்.

கவரேஜில் பழி இன்னும் சுலபமாகத் தவறான ஆளிடம் போகும், ஏனென்றால் டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது. ஸ்னாப் நேரத்தில் ஆழத்தில் நிற்கும் கடைசித் தடுப்பாளர்களான சேஃப்டிகள் பெரும்பாலும் திரையிலேயே இல்லை. ஒரு கார்னர்பேக் ரிசீவருக்கு உள்பக்கம் வழிவிட்டு வெளிப்பக்கம் நின்றால், உள்ளே உதவிக்கு ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும். அந்த உதவி வராவிட்டால் படத்தில் இருப்பது கார்னர் மட்டும்தான்.

மைதானத்தின் அகலமும் சேர்ந்துகொள்கிறது. மொத்த அகலம் 160 அடி. கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு (இவற்றுக்கு இடையில்தான் பந்து வைக்கப்படும்) நடுவே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 100 அடி, மறுபக்கம் 60 அடிதான். 100 அடிப் பக்கத்தைக் காக்கிற சேஃப்டியும் 60 அடிப் பக்கத்தைக் காக்கிற சேஃப்டியும் செய்வது ஒரே வேலை அல்ல. பந்து எந்த ஹாஷில் இருந்தது என்று பார்க்காமல் கவரேஜைப் பற்றி நாங்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

பலரும் பார்த்திருக்கக்கூடிய ஓர் உதாரணம் சொல்கிறேன். 2018 ஜனவரி 8, அட்லாண்டா, தேசிய இறுதி ஆட்டம், அலபாமாவும் ஜார்ஜியாவும். கூடுதல் நேரத்தில் ஜார்ஜியா 51 யார்டு ஃபீல்டு கோல் (உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்து 23-20 என்று முந்தியிருந்தது. அலபாமாவின் முதல் பிளேயில் அதன் குவாட்டர்பேக் டுவா டகோவைலோவா சாக் ஆகி 16 யார்டு இழந்தார். முதலாண்டு மாணவர், இரண்டாம் பாதியில்தான் களமிறக்கப்பட்டவர். அந்த சாக்கில் அவர் பந்தை வெளியே எறிந்துவிடாமல் பின்னோக்கியே ஓடினார். அத்தனை யார்டும் போனதை லைன் மேல் எழுத முடியாது. இரண்டாவது டவுன், 26 யார்டு தேவை. ஜார்ஜியா கவர் 2 போட்டது: இரண்டு சேஃப்டிகள், ஆளுக்குப் பாதி மைதானம். அலபாமா ரிசீவர்களை நேராக ஆழத்துக்கு அனுப்பியது. ஒரு சேஃப்டிக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று இரண்டு ஆட்கள் வரும்போது, அவர் நடுவே நின்று குவாட்டர்பேக்கின் கண்ணைப் படிப்பதைத் தவிர வழியில்லை. டகோவைலோவா முதலில் வேறு பக்கம் பார்த்தார், சேஃப்டி ஒரு கணம் உள்ளேயே நின்றார், பந்து இடது ஓரத்தில் ஓடிய ரிசீவர் டிவோன்டா ஸ்மித்திடம் போனது. 41 யார்டு, டச்டவுன் (6 புள்ளி), 26-23, ஆட்டம் முடிந்தது.

"சேஃப்டி தாமதம்" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுகிறார்கள். தாமதம்தான், மறுக்கவில்லை. ஆனால் கவர் 2-இல் ஓரத்து ரிசீவர் புறப்படும்போதே கார்னர் அவரை இடித்து, வழியைத் திருப்பி, வேகத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தை நம்பித்தான் சேஃப்டி உள்ளே நிற்க முடிகிறது. குவாட்டர்பேக்குக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதை முன்னால் பாயும் நால்வர் தீர்மானிக்கிறார்கள். பிளே உடைந்த இடத்தை எழுதும்போது நாங்கள் இந்த மூன்றையும் எழுதுவோம், சேஃப்டியின் அடியெடுப்பு அதில் ஒன்று.

சூதாட்டம் வந்தபிறகு இதெல்லாம் மோசமாகிவிட்டது. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமானது. இன்ன ரிசீவர் இத்தனை யார்டு எடுப்பாரா என்று தனி ஆள் மேலேயே பணம் கட்டலாம். அந்த ரிசீவர் மேல் எதிரணி இரண்டு பேரைப் போட்டால் பந்து வேறொருவருக்குப் போவதுதான் சரியான ஆட்டம். இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்த அவர் எங்கள் தாளில் முழு மதிப்பெண் வாங்குகிறார். பணம் தோற்றவர் அன்றிரவே அவருக்கு மிரட்டல் அனுப்புகிறார். கல்லூரி வீரர்கள் மேல் இப்படித் தனித்தனியாகப் பந்தயம் கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தலைவர் சார்லி பேக்கர் 2024 மார்ச்சில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். ஒஹாயோ அதே ஆண்டு தடை செய்தது. நீங்கள் இருக்கும் மாநிலத்தில் இது அனுமதிக்கப்படுகிறதா என்று பாருங்கள். அனுமதித்தால் உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு எழுதுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஸ்னாப்புக்கு முன் எத்தனை சேஃப்டிகள் ஆழத்தில் நிற்கிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். ஒருவரா, இருவரா என்பதிலிருந்தே பாதி தெரிந்துவிடும். ஸ்னாப்புக்குப் பின் அவர்கள் இடம் மாறினால் அது போட்ட வேஷம், குவாட்டர்பேக்கும் அதைத்தான் அந்த நொடியில் பார்க்கிறார். மறுஒளிபரப்பில் பந்தை விட்டுவிட்டு லைனை மட்டும் பாருங்கள், எந்தப் பக்கம் சரிகிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள் என்று. இன்னொன்று, 2024 முதல் மேல்மட்டப் பிரிவு அணிகளில் ஒவ்வொரு பக்கமும் ஒருவருடைய ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும். பிளே கடிகாரத்தில் 15 வினாடி மிச்சம் இருக்கும்போது அது துண்டிக்கப்படும். அதற்குப் பிறகு எதிரணி நகர்ந்தால் சரிசெய்வது முழுக்க மாணவர்கள் கையில்தான். எதிரணி அந்த 15-க்கு முன் நகர்ந்ததா, பின் நகர்ந்ததா என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

பார்த்ததை எழுதுங்கள், வாதாடுங்கள். எழுதும்போது 'லெஃப்ட் டேக்கிள்', 'இடப்பக்கச் சேஃப்டி' என்று இடத்தைச் சொன்னால் விவாதம் நடக்கும். அந்தப் பையனின் பெயரைப் போட்டு அவன் கணக்கை டேக் செய்ய வேண்டாம்.