பிரெயின்ஸ்டோர்மிங்: புயலா, முற்றுகையா, கிளறலா?

கொழும்பில் ஓர் அலுவலகக் கூட்டம் முடிவில்லாமல் இழுபட்டால், யாராவது ஒருவர் "சரி, பிரெயின்ஸ்டோர்ம் பண்ணுவம்" என்பார். கூட்டம் சிங்களத்தில் நடந்தாலும் தமிழில் நடந்தாலும் இந்த ஒரு சொல் மாறாது. கூட்ட அறிக்கையைத் தமிழில் எழுத வேண்டி வரும்போதுதான் சங்கடம். ஒருவர் 'மூளைப்புயல்' என்பார், இன்னொருவர் 'கருத்துப்புயல்' என்பார். அவசரத்தில் 'மூளைச்சலவை' என்று எழுதிவிடுகிறவர்களும் இல்லாமல் இல்லை. அது முற்றிலும் வேறு சங்கதி. ஓர் ஆளின் கொள்கையையே வற்புறுத்தி மாற்றுவது.

பிரெயின்ஸ்டோர்மிங் என்பது, ஒரு பிரச்சினைக்கான தீர்வுகளைப் பலர் கூடி, சரி பிழை பார்க்காமல், தோன்றியபடி சொல்லி அடுக்குவது. எது உதவும், எது உதவாது என்று பார்ப்பது அதற்குப் பிறகு, தனியாக. இந்தப் பிரிப்புதான் சொல்லின் உயிர். நாலு பேர் கூடிக் கதைப்பதற்கெல்லாம் இந்தப் பெயரை வைத்துவிடுவது நம்முடைய தாராளம்.

ஆங்கிலத்தில் இதன் பூர்வீகம் அவ்வளவு கௌரவமானதல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'பிரெயின்ஸ்டோர்ம்' என்றால் திடீரெனப் புத்தி பேதலித்துப்போவது. 1906இல் நியூயோர்க்கில் ஸ்டான்ஃபோர்ட் வைட் என்ற பிரபல கட்டடக் கலைஞரை ஹரி தோ என்ற பணக்காரர் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டு நடந்த வழக்கில், சுட்ட வேளையில் தோவுக்கு 'பிரெயின்ஸ்டோர்ம்' வந்திருந்தது என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். அந்தக் காலத்தில் யாராவது 'மூளைப்புயல்' என்று மொழிபெயர்த்திருந்தால் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

இன்றைய பொருளைக் கொடுத்தவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். பிபிடிஓ என்ற விளம்பர நிறுவனத்தின் பெயரில் கடைசியாக நிற்கும் 'ஓ' அவருடையதுதான். 1939 அளவில் தன் ஆட்களைக் கூட்டி இந்த முறையில் யோசிக்க வைக்கத் தொடங்கினார். 1948இல் வந்த அவருடைய நூல் அதை வெளியே பரப்பியது. மூளையைக் கொண்டு ஒரு பிரச்சினையைத் தாக்குவது, அதுவும் கொமாண்டோ பாணியில் தாக்குவது என்று அவரே சொல்லுக்கு விளக்கம் தந்தார். ஆக, அவர் சொன்ன 'ஸ்டோர்ம்' வங்காள விரிகுடாவில் எழுகிற புயல் அல்ல. படைவீரர் கோட்டையில் பாய்ந்து ஏறுகிறார்களே, அந்த 'ஸ்டோர்ம்'. மூளைப்புயல் என்ற சொல் பிழையாகிப்போவது இங்கேதான். அதைக் கேட்கிறவர் மண்டைக்குள் ஏதோ குழப்பம் என்றுதான் நினைப்பார்.

ஒஸ்போர்ன் வகுத்த விதிகள் நான்கு. விமர்சனத்தை ஒத்திவை, எண்ணிக்கையைக் கூட்டு, விசித்திரமான யோசனையையும் வரவேற்பு கொடுத்து வாங்கு, மற்றவரின் யோசனையின் மேல் உன்னுடையதைக் கட்டு. முதல் விதியைக் கடைப்பிடித்தால் மற்ற மூன்றும் தானாக வரும் என்பது என் எண்ணம். நம் கூட்டங்களில் முதலில் உடைவதும் அதுதான். "அதெல்லாம் இங்க சரிவராது" என்று ஒரு மூத்தவர் மெல்லச் சொன்னால் போதும், இளையவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

தமிழுக்கு வருவோம். கோட்டை வளைப்பதை உழிஞை என்று தனித் திணையாகவே பாடிய மொழி இது. 'சூழ்' என்ற வினைக்கு வளைத்தல் என்றும் பொருள், ஆராய்தல் என்றும் பொருள். "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" என்று தொடங்குகிறது வினைசெயல்வகை அதிகாரத்தின் முதற் குறள் (671). அங்கே சூழ்ச்சி என்பது ஆலோசனை. அது துணிவில் போய் முடிய வேண்டும் என்கிறார் வள்ளுவர். முற்றுகையும் யோசனையும் ஒரே வேரில் இருப்பதால், ஒஸ்போர்ன் நினைத்ததற்கு இதைவிடக் கிட்டிய சொல் கிடைக்காது. ஆனால் காலம் அதைக் கெடுத்துவிட்டது. இன்றைக்கு "பணிப்பாளர் சபை 3 மணிக்குச் சூழ்ச்சியில் ஈடுபடும்" என்று அழைப்பு அனுப்பினால் என்ன நடக்கும்? ஆசையிருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

மிஞ்சுவது, நம் பாடசாலைப் பக்கம் புழங்கிவரும் 'சிந்தனைக் கிளறல்'. என் வாக்கு இதற்கே. கோழி குப்பையைக் கிளறும். அடுப்படியில் அல்வா கிளறுவோம். ஒருவரைத் துருவித் துருவிக் கேட்டால் "கிண்டிக் கிளறிக் கேட்கிறான்" என்போம். அடியில் கிடப்பதை மேலே கொண்டுவருவது என்ற கருத்து எல்லாவற்றிலும் இருக்கிறது. நல்லது கெட்டது பார்த்துக் கிளற முடியாது, வருவதெல்லாம் வரும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. "பழைய கதையைக் கிளறாதே" என்பதில் வரும் கசப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உண்மைதான். 'சிந்தனை' முன்னால் நிற்பதால் அது பெரிய இடைஞ்சல் இல்லை. எழுதும்போது வல்லின றகரம் போடுங்கள். 'கிளரல்' என்று எழுதுவது பிழை.

சொல் இருக்கட்டும், முறை பலன் தருகிறதா? 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கூடியிருந்து யோசித்த நால்வரைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்தபோது எண்ணிக்கை கூடியது. ஏன் என்பதை 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதே முக்கிய காரணம் என்றார்கள். முறை வருவதற்குள் யோசனை மறந்துபோகும், அல்லது இனி எதற்கு என்று தோன்றிவிடும்.

கொழும்பில் இந்தக் காத்திருப்பு இரட்டிப்பு. தமிழில் தோன்றியதை மனதுக்குள் ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ மாற்றி, வசனத்தைச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தால், கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போயிருக்கும். அவருக்கு யோசனை வரவில்லை என்றுதான் மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இதற்கு மருந்து பேசுவதற்கு முன் எழுதுவது. பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் 1968இல் ஒரு வழி சொன்னார். ஆறு பேர் ஆளுக்கொரு தாளில் ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை எழுதி, பக்கத்தவருக்குத் தாளை நகர்த்த வேண்டும். வாங்கியவர் அதைப் படித்து, அதன் மேல் தன் மூன்றை எழுதுவார். ஆறு சுற்று முடிய, அரை மணித்தியாலத்தில் 108 யோசனைகள். அவரவர் மொழியில் எழுத விட்டால், படித்துச் சொல்ல ஒருவர் தேவைப்படலாம். ஆனால் எவருடைய யோசனையும் தொண்டைக்குள் நின்றுவிடாது. இதை 'எழுத்துக் கிளறல்' என்று சொல்லிப் பார்க்கலாம்.

இனி, வழக்கில் கொண்டுவர ஒரு சின்ன வேலை. அழைப்பிதழில் 'சிந்தனைக் கிளறல்' என்று ஒரு வரியும், 'தெரிவு' என்று இன்னொரு வரியும் போட்டு, இரண்டுக்கும் வேறு வேறு நேரம் குறித்துவிடுங்கள். முடிந்தால் தெரிவை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.